கொழிஞ்சாம்பாறைல ஒரு சடைத் தலை: வீட்லயே போட்டு, வீட்லயே பாத்துக்கிட்ட கேஸ்

கேஸ் இதுங்க. சடைன்னு நான் சொல்றது பின்னிப் போடற ஜடை இல்ல, முடி சிக்கிச் சிக்கி இறுகிக் கயிறாட்டம் நிக்கற சடை, இங்கிலீஷ்ல டிரெட்லாக்ஸ். என் சித்தி பையன், வயசு 24, வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம், வேலை பொள்ளாச்சில ஒரு பிளெக்ஸ் பிரிண்டிங் கடைல, தினமும் பைக்ல போயிட்டு வர்றவன். முடி நல்ல கரடு, சுருட்டை, ஒரு சுருளுக்குள்ள பென்சில் நுழையும், இழுத்துப் புடிச்சா ஏழு இஞ்ச். மண்டை எண்ணெப்பசை, பொடுகு முன்னாடியே வந்து போயிருக்கு. வீட்டுக்கு போர் தண்ணி, உப்பு. பைக், ஹெல்மெட், எண்ணெப்பசை, உப்புத்தண்ணி, இந்த நாலையும் மொதல்லயே சொல்லிர்றேன், ஏன்னா பின்னால வந்த தொந்தரவு பெரும்பாலும் இதுல இருந்துதான் வந்துச்சு, முடிய முறுக்கினதுனால ஒண்ணும் வரல. சடை போடறது ரெண்டு நாள் வேலை. அத நனைஞ்சா காய வைக்கறதுதான் வருசம் பூரா இருக்கற வேலை, நம்ம ஊரு மழைக்கு அது தனிப்பாடம்.

நான் எப்பிடி இதுல வந்தேன்னா, பையன் கொச்சில விசாரிச்சான், அவங்க சொன்ன ரேட்டு இவனோட ஒரு மாச சம்பளத்தத் தாண்டுது, அதுக்கப்பறம் அப்பப்ப போயி வேர் புடிச்சுட்டு வேற வரணும், அதாவது வேருல புதுசா வளந்த முடியச் சடைக்குள்ள சேக்கறது. நான் வீட்ல சேலைக்குக் குஞ்சம் கட்டறவ, குரோஷா ஊசி கைக்குப் பழக்கம். "அக்கா, நீ நூல்ல பண்றதத்தான் அவங்க முடில பண்றாங்க, நீயே பாரு"ன்னு போனத் தூக்கிக் காட்டினான். பாத்தேன், அவன் சொன்னது பாதி உண்மை. நூலு நாம இழுத்த பக்கம் நிக்கும், முடிக்குன்னு ஒரு புத்தி இருக்கு.

முடி எப்பிடிச் சடையாகுதுங்கறதப் புரிஞ்சுக்கிட்டா பாதிச் செலவு மிச்சம். முடி மேல செதில் செதிலா இருக்கும், செதிலோட வாயெல்லாம் நுனியப் பாத்த மாதிரி. ஒரு ஆளுக்கு நாளைக்கு 50ல இருந்து 100 முடி வரைக்கும் தானா உதிரும், அது இயல்பு. தலை சீவறவங்களுக்கு அது சீப்போட வந்துரும், சீவாதவனுக்கு எங்கயும் போகாது, பக்கத்து முடியச் சுத்திக்கிட்டு அங்கயே கெடக்கும். குளிக்கறப்ப, தலகாணில பொரள்றப்ப, உரசி உரசி உதிர்ந்ததும் உதிராததும் ஒட்டுக்கா பின்னி இறுகிரும், அவ்வளவுதான் சடை. எண்ணெயும் கண்டிஷனரும் இந்தச் செதில வழவழப்பாக்கிரும், வழுக்கற முடி எப்பிடிப் பின்னும்? அழுக்குத் தலதான் சடையாகும்னு ஊரே நம்புது, ஆனா கழுவி எண்ணெ இல்லாம இருக்கற தலதான் சீக்கிரம் சடையாகும். சடைக்காரன் தலைக்குத் தண்ணி காட்டமாட்டான்ங்கறதும் அதே மாதிரி ஒரு பேச்சு.

இன்னொண்ணு, போன்ல நாம பாக்கற வீடியோவுல நெறைய ஆப்பிரிக்க, கரீபியன் வம்சத்து ஆளுங்க போடறது. 1930கள்ல ஜமைக்காவுல கெளம்பின ராஸ்தஃபாரிங்கற மதத்து ஆளுங்களாலதான் இது உலகத்துக்கே தெரிஞ்சுச்சு. அவங்க முடி ஸ்பிரிங் சுருள், சட்டுனு பின்னிக்கும். அந்த முடியோட வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போறதுக்கே அவங்க போராட வேண்டியிருந்துச்சு, அமெரிக்காவுல முடிய வச்சு ஒதுக்கக்கூடாதுன்னு கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டதே 2019லதான், அங்க அதுதான் மொத மாநிலம். நம்மாளுக்கு வந்த சோதனை அந்தளவுக்கு இல்ல, ஒரு செக்போஸ்ட்ல நிறுத்தி பேக்கத் தொறக்கச் சொன்னாங்க, டிபன் பாக்ஸும் தோர்த்துத் துண்டும் இருந்துச்சு, விட்டுட்டாங்க. நான் சொல்ல வந்தது, அவங்க வீடியோல நாலு மாசம்னு சொன்னா நமக்கு எட்டு மாசம்னு வச்சுக்கணும். நேரான முடிக்காரங்களுக்கு ஒன்றரை வருசம் கூட ஆகும்.

போட்டது மார்கழி மொத வாரத்துல. வேணும்னேதான் அந்த மாசம். பாலக்காட்டுக் கணவாய்னு புஸ்தகத்துல படிச்சிருப்பீங்க, மேற்கு மலைல 30, 40 கிலோமீட்டருக்கு ஒரு வாசல், மார்கழி தை மாசி மூணு மாசமும் கெழக்கருந்து வர்ற வறண்ட காத்து அதுல பூந்துதான் எங்க வீட்டுக் கொடித்துணியெல்லாம் பறக்க விடும். ஈரம் நிக்காது. ஆனி மழைல ஆரம்பிச்சிருந்தா இந்தக் கேஸே வேற மாதிரி முடிஞ்சிருக்கும்.

அதுக்கு முந்தி ஒரு வாரம் எண்ணெ நிறுத்தம், கண்டிஷனர் இல்லாத சாதா ஷாம்பு ரெண்டு தடவ. எந்த முறைன்னு ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்துச்சு. சீப்ப வேரப் பாத்து தள்ளித் தள்ளிச் சிக்காக்கறது ஒண்ணு இருக்கு, அது நேர்முடிக்காரங்களுக்கு அவசியம், சுருட்டைக்கு எதுக்குங்க அந்தக் கொடுமை, முடி அறுந்துதான் போகும். ஒண்ணுமே பண்ணாம சும்மா விட்டா தானா சடையாகும்னு இன்னொரு கட்சி, உண்மைதான், ஆனா எது எதோட சேரும்னு சொல்ல முடியாது, மொறம் மொறமா தட்டையா வரும், கடைக்கு வேலைக்குப் போறவனுக்கு அது ஆகாது. கடைசில ரெண்டு பிரி முறுக்குன்னு முடிவாச்சு, மண்டையக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்து முடியையும் ரெண்டாக்கி ஒண்ணோட ஒண்ணு முறுக்கறது. கட்டத்தை மட்டும் செங்கக் கட்டு மாதிரி எடுத்தேன், ஒரு வரிசையோட கோடு அடுத்த வரிசைல நடுவுல வந்து விழற மாதிரி, இல்லீன்னா மண்டை கோடு கோடா தெரியும். மொத்தம் 64 வந்துச்சு. ஒரு தலைல சுமாரா 1,00,000 முடி இருக்கும், அப்பிடிப் பாத்தா ஒரு சடைக்கு 1,500 சொச்சம், வேருக்கு அது போதும். இன்னும் பொடிசா நூறு நூத்தம்பதுன்னு போடறவங்க இருக்காங்க, பாக்க அழகுதான், ஆனா நாள் போகப் போக சடை கனக்கும், மெலிசா இருக்கற வேரு அந்தக் கனத்தத் தாங்கணுமே. நெத்தியோரம் முடி பூனைமுடியா இருந்துச்சு, அங்க கட்டத்தக் கொஞ்சம் பெருசாவே எடுத்தேன். நுனிக்கு ரப்பர் பேண்ட் போடல, அது முடிய அறுக்கும்.

மொத ரெண்டு வாரம் தண்ணி ஊத்தல, முறுக்கு அவுந்துரும்னு. அப்பறமா மெலிசு நைலான் வலைய தலை மேல மாட்டி, ஷாம்புவத் தண்ணில கரைச்சு வலைக்கு மேலயே ஊத்தி, தேய்க்காம அமுக்கி அமுக்கிக் கழுவினது. பின்னாடி பக்கம் நாலஞ்சு அவுந்துச்சு, திரும்ப முறுக்கி விட்டாச்சு, அதுக்கெல்லாம் வெசனப்படக்கூடாது.

மாசில பையன் ஒரு காரியம் பண்ணினான். எனக்குச் சொல்லாம சடைக்குன்னு விக்கற மெழுகு ஒரு டப்பா வாங்கி எல்லாத்துலயும் தடவிட்டான். ரெண்டு நாளைக்கு பளபளன்னு, சினிமாக்காரனாட்ட இருந்துச்சு. அப்பறம் பங்குனி வெயில், ரோட்டுத் தூசி, ஹெல்மெட் உள்துணியோட பஞ்சு, எல்லாம் அதுல போயி ஒட்டிக்கிச்சு. சுடுதண்ணி ஊத்துனா போயிரும்னு அவன் நெனச்சான். தேன்மெழுகு உருகறதுக்கே 62 டிகிரிக்கு மேல வேணும், அந்தச் சூட்டுல தண்ணி ஊத்துனா மண்டைத்தோல் வெந்துரும். தண்ணில கரையாத சரக்குக்கு வழி எண்ணெதான், கொஞ்சமா எண்ணெ தேச்சு மெழுக எளக்கி, உடனே ஷாம்பு, திரும்ப எண்ணெ, திரும்ப ஷாம்பு, வேருல படாம நடுவுல இருந்து நுனி வரைக்கும். பங்குனி பூரா அதுதான் பொழப்பு. கொஞ்சத்த அவுத்துத்தான் முறுக்க வேண்டி வந்துச்சு. சடைக்கு மெழுகு தேவையே இல்லீங்க, முடிய ஒட்ட வைக்கறது நம்ம வேலை இல்ல, அது பின்னிக்கறதுக்கு எடம் விடறதுதான்.

சித்திரை வைகாசில வேற ஒரு கூத்து. ஏழு இஞ்ச் இருந்தது அஞ்சு இஞ்ச் ஆயிருச்சு, நடுவுல நடுவுல முண்டு முண்டா வீங்கிக்கிச்சு, பையன் கண்ணாடி முன்னாடி நின்னு மொட்டையடிச்சர்லாமான்னு கேக்கறான். இதுதான் சடை புடிக்கற நேரம், உள்ளுக்குள்ள பின்னறப்ப நீளம் இழுத்துக்கும், முண்டு தெரியற எடத்துல பின்னல் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். நெறையப் பேரு விட்டுட்டு ஓடறது இந்த ரெண்டு மாசத்துலதான். முடி மாசத்துக்கு ஒரு செண்டிமீட்டர் சொச்சம் வளந்துட்டேதான் இருக்கும், நீளம் திரும்ப வந்துரும்.

எங்க அமுச்சிய, அதான் பாட்டியப் பத்திச் சொல்லணும். சடையப் பாத்ததும் "ஏஞ்சாமி, யாருக்கு நேந்துக்கிட்ட, எனக்குக் கூடச் சொல்லாம"ன்னுதான் கேட்டுச்சு. நேந்துக்கலைன்னதும் கோவம் வந்துருச்சு. சனிக்கெழமை எண்ணெ தேச்சுக் குளிக்காதவன் மனுசனான்னு ஒரு கேள்வி. அப்பறம் அரப்பு. எங்க பக்கம் உசிலை எலையப் பொடிச்ச அரப்புதான் தலைக்கு, சீயக்காய் கூட ரெண்டாவதுதான். நல்ல சரக்கு, குளிர்ச்சி, ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஆனா சடைக்குள்ள அந்தப் பொடி போச்சுன்னா வெளிய வராது, உள்ள பச்சைக் கப்பியா தங்கிரும். சீயக்காய்ப் பொடியும் அதே கதை. பூந்திக்கொட்டைய ஊற வச்சு துணில வடிகட்டின தண்ணி ஊத்துங்க, அதுல மிச்சம் நிக்காது, அமுச்சி கடைசில அதுக்கு எறங்கி வந்துச்சு. கத்தாழையையும் அப்பிடியே வழிச்சுப் பூசறாங்க சிலபேரு, அதோட நாரு உள்ள காஞ்சு வெள்ளை வெள்ளையா நிக்கும்.

எண்ணெ விசயத்துல அமுச்சி பக்கமும் நியாயம் இருக்குங்க. தேங்காண்ணெ முடித்தண்டுக்குள்ள எறங்கும், முடிச்சத்து கரைஞ்சு போறதக் கொறைக்கும். பிரச்சனை எண்ணெல இல்ல, அது போயி உக்கார்ற எடத்துல. பின்னிக்கிட்டு இருக்கற சடைல எண்ணெ தேச்சா பின்னல் வழுக்கும், உள்ள எறங்கினது கழுவினாலும் வராம சிக்கு வாடை அடிக்கும். மண்டைத்தோல்ல எண்ணெ நின்னா மலசீஸியான்னு ஒரு பூஞ்சைக்குத் தீனி, பொடுகே அதோட வேலைதான். ஆனி மாசம் சாரல் புடிச்சதும் இவனுக்கு அரிப்பு, வெள்ளை வெள்ளையா உதுருது. கர்க்கடக மாசம்னு, மலையாளத்துல நம்ம ஆடிக்கு அதான் பேரு, பக்கத்து வீட்டு சேச்சி காச்சின எண்ணெ ஒரு பாட்டில் குடுத்துவிட்டாங்க, அமுச்சி எனக்குத் தெரியாம தேச்சும் விட்டுருச்சு, அது இன்னும் கொஞ்சம் ஏத்தி விட்டுருச்சு. பாலக்காட்டுல தோல் டாக்டருகிட்டப் போனோம். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, வாரம் ரெண்டு தடவ, தேச்சு அஞ்சு நிமிசம் விட்டுக் கழுவச் சொன்னாங்க. சடைய வெட்டச் சொல்லுவாங்கன்னு பயந்துட்டுப் போனான், ஒண்ணும் சொல்லல, தோலுல படற மாதிரி தேயுங்க, நல்லாக் காய வைங்கன்னாங்க. மூடில கூரா மூக்கு இருக்கற ஒரு பாட்டில்ல ஷாம்புவக் கரைச்சு வச்சு, கோட்டுக்குக் கோடு விட்டுத் தேச்சா தோலுக்கே போகும். ரெண்டு மூணு வாரத்துல அடங்குச்சு.

இப்பத்தான் முக்கியமான எடம். ஆடில ஒரு நாள் ஹெல்மெட்டக் கழட்டினா ஒரு ஊசின வாடை. மோந்து மோந்து தேடிப் பாத்தா பின்னங்கழுத்துக்கு மேல ரெண்டு சடை. நடந்தது இதுதான், காலைல தலைக்கு ஊத்திட்டு, மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்குன்னு ஹெல்மெட்ட மாட்டிட்டுப் போயிட்டான், வழில மழை, கடைல ஏசி, சாயங்காலம் திரும்ப ஹெல்மெட். சடைக்கு வெளிய காஞ்சிரும், உள்ள ஈரம் நிக்கும், நாள் ஆக ஆக சடை இறுகி தண்ணியும் அதிகமாக் குடிக்கும். தையில ரெண்டு மணி நேரத்துல காஞ்ச தலை ஆடில பொழுது சாயறவரைக்கும் காயல. ஈரத்த மூடி வச்சா பூஞ்சை புடிக்காம என்ன பண்ணும். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்து பங்கு தண்ணி கலந்து ஊற வச்சுக் கழுவி, காத்தாடிக்கு அடில உக்கார வச்சு நாள் பூராக் காய வச்சோம், ஒண்ணு சரியாச்சு. இன்னொண்ணு போகவே இல்ல, வெட்டினேன். வெட்டினதக் கத்திரில குறுக்க பொளந்து பாத்தேன், நடுவுல சாம்பக் கலர்ல பஞ்சு, டர்க்கி டவலோட பஞ்சு, அதச் சுத்தித்தான் கறுப்பு.

அன்னிக்கு இருந்து வீட்ல சட்டம் மாறுச்சு. தலைக்குத் தண்ணி ஞாயித்துக்கெழமையும், வாரத்துல ஒரு நாள் வேலைல இருந்து வந்த உடனேயும், அதுவும் காத்தாடி முன்னாடி ரெண்டு மணி நேரம் உக்கார முடிஞ்சா மட்டும். டர்க்கி டவல் வேண்டாம், தோர்த்து போதும், மெலிசு, பஞ்சு விடாது, தண்ணிய நல்லா இழுக்கும், கேரளாக்காரங்க இந்த ஒண்ணுக்காகவே கும்பிடலாம். ஒவ்வொரு சடையா தோர்த்துல சுத்தி அமுக்கணும், பிழியக்கூடாது. காஞ்சிருச்சான்னு கைய வச்சு நம்பாதீங்க, டிஷ்யூ பேப்பர சடை நடுவுல சுத்தி இறுக்கிப் புடிச்சுப் பாருங்க, பேப்பர் நனைஞ்சா இன்னும் காயல. ஈரத்தோட கொண்டை போடறதும் தூங்கறதும் அடியோட நிறுத்தம். ஹேர் டிரையர் இருந்தா கூலாவே வைங்க, கரண்டு இருந்தாங்கறது வேற விசயம். ஹெல்மெட்டுக்குள்ள மெலிசு காட்டன் குல்லா, தினமும் துவைக்கணும், சடையப் பின்னாடி தாழக் கட்டி ஹெல்மெட்டுக்கு வெளிய விடணும். சடைக்கு எடம் பத்தலைன்னு ஹெல்மெட் உள்பஞ்ச எடுத்துர்றேன்னு கெளம்பினான், அத மட்டும் விடல, ஒரு சைஸ் பெரிசு ஐஎஸ்ஐ ஹெல்மெட் வாங்க வச்சேன்.

உப்புத்தண்ணி பத்தி ரெண்டு வார்த்தை. சோப்பு போட்டா உப்புத்தண்ணில தயிராட்டம் திரியும், அது சடைக்குள்ள படிஞ்சா போச்சு, அதனால சோப்பு கூடவே கூடாது. சோடா உப்புல ஊற வச்சா அழுக்கு எறங்கும்னு சொல்லுவாங்க, எறங்கும், ஆனா அது காரம், பி.எச். எட்டுக்கு மேல, மண்டைத்தோல் 5.5 பக்கம், மாசா மாசம் பண்ணுனா முடி ஒடியும், நான் விடல. கடைசி அலசல் மட்டும் கொழாத் தண்ணிலயோ ஓட்டுல இருந்து புடிச்ச மழைத்தண்ணிலயோ. மழைத்தண்ணி மாதிரி அலசறதுக்கு ஒண்ணு கெடையாது, அது கெடைக்கற மாசத்துலதான் தலை காயமாட்டேங்குது.

வேர் விசயத்துல என் கைய நானே கட்டிக்கிட்டேன். குஞ்சத்துக்கு எடுக்கற ஊசி இதுக்குத் தடிமன், 0.6 மில்லிமீட்டர்ல ஒண்ணு வாங்கினேன். ஊசியச் சடைக்குள்ள விட்டு, வெளிய நிக்கற முடியக் கொக்கில மாட்டி உள்ள இழுக்கணும், அவ்வளவுதான், ஆனா நேரம் போறதே தெரியாம இழுத்துக்கிட்டே இருந்தா உள்ள முடி அறுந்து சடை கட்டையா நிக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போதும். சடை நுனிய வேருக்குள்ளயே நுழைச்சு இழுக்கற முறையும் உண்டு, நாலு தெசைல மாத்தி மாத்தி நுழைக்கணும், ஒரே பக்கமா இழுத்தா வேருல ஓட்டை விழுந்து ரெண்டாப் பொளக்கும். மத்தபடி கழுவினப்பறம் உள்ளங்கைக்கு நடுவுல வச்சு ஒரே பக்கமா உருட்டி விடறது, பக்கத்து சடையோட வேர் ஒட்டிக்கிச்சான்னு பாத்துப் பிரிச்சு விடறது. மறந்தா ரெண்டும் ஒண்ணாயிரும். அப்பிடி ரெண்டு ஜோடி ஒட்டிக்கிச்சு, வேணும்னே விட்டுட்டோம். வெட்டினது ஒண்ணு போக இப்ப 61.

வலிச்சா இறுக்கம் ஜாஸ்தி. நெத்தியோரம் சின்னச் சின்னப் பரு மாதிரி வந்தா அதுவும் அதுதான். அழகா இருக்கணும்னு வாராவாரம் வேர முறுக்கற ஆளுங்களுக்கு நெத்தி மேல ஏறறது இதனாலதான், மொதல்லயே விட்டா முடி திரும்ப மொளைக்கும், வருசக்கணக்கா இழுத்தா அந்த எடம் வழுக்கைதான். நாலு முடி நிக்கட்டும்னு விடறதுக்கு பையனுக்கு மனசு வரல, அதுக்காக அடிக்கடி சண்டை.

போன மார்கழி வறண்ட காத்துக்கு எதிர்ப் பிரச்சனை, நுனி ஒடிய ஆரம்பிச்சுச்சு. அப்ப அமுச்சிக்கு எண்ணெ பர்மிசன் குடுத்தேன், சடை இறுகினப்பறம் ரெண்டு சொட்டு உள்ளங்கைல தேச்சு நுனிக்கு மட்டும், மறுநாள் கழுவிரணும். 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காண்ணெ கட்டியாயிரும், மார்கழி விடிகாலைல தேச்சா சடை மேல வெள்ளையா ஒறைஞ்சு நிக்குது, வெயில் ஏறினப்பறம்தான் தேய்க்கணும்.

ஒரு விசயம் இதோட சேராது, ஆனா சொல்லிர்றேன். எங்க வீதில ஒரு அம்மாவுக்கு ரொம்ப நாள் படுத்த படுக்கையா கெடந்ததுல முடி பின்னாடி ஒரே பாளமா ஒட்டிருச்சு, அம்மன் எறங்கியிருக்கான்னு யாரும் கத்திரி வைக்கல, அந்தம்மா தலைய நிமித்த முடியாம தவிக்குது. அதுவும் இவன் போட்டதும் ஒண்ணு இல்லீங்க. கட்டம் பிரிச்சு, தோலுக்குக் காத்து போற மாதிரி, வாரா வாரம் கழுவற சடை வேற. நோவுல ஒட்டிக்கிட்ட பாளம் வேற, அதுக்குக் கத்திரிதான் மருந்து, அமுச்சி கூட இத ஒத்துக்கிச்சு.

இப்ப நெலமை. பின்னாடியும் பக்கவாட்டுலயும் முழுசா இறுகிருச்சு, அமுக்கினா கெட்டி. நெத்திப் பக்கம் பதினஞ்சு சடை இன்னும் நுனில அவுந்து அவுந்து சுருளுது, மெலிசு முடி, அதுக்கு இன்னும் ஆறு மாசம் புடிக்கும். நீளம் பன்னண்டு இஞ்ச் வந்திருக்கு. மொத்தச் செலவு, மெழுகு டப்பாவையும் டாக்டரையும் ஹெல்மெட்டையும் விட்டுட்டா, ஆயிரம் ரூவாக்குள்ள. இது வைகாசி, கொஞ்ச நாள்ல சாரல் வந்துரும், நீளத்துக்குத் தகுந்த மாதிரி ஈரமும் நிக்கும்ங்கறதுனால அதுக்குள்ள நாலு இஞ்ச் வெட்டிரலாம்னு நான் சொல்றேன், அவன் ரெண்டுங்கறான். மூணுல நிக்கும்னு நெனைக்கறேன். நெத்திப் பக்கத்துக்கு ஊசி எடுக்கறது இனி புரட்டாசிலதான்.